மலிவு ரம்பம் யாருக்கு மலிவு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிளைக் கூட்டம் தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பால்வெட்டுத் தோழர் ஒருவர் கோணிச் சாக்கு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, நமது மேசைமீது இறக்கி அவிழ்த்தார். உள்ளே ஒரு சங்கிலி ரம்பம். நம் ஆட்கள் 'செயின்சா' என்று சொல்லும் பெட்ரோல் ரம்பம்தான். புதுச் சாயம் பளபளத்தது. பட்டணத்துப் பழைய சாமான் கடையில் 380 வெள்ளி கொடுத்து வாங்கினாராம். "விலை சரிதானா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாம் அவரை ஒன்று கேட்டோம். "இது யாருடைய வேலைக்கு?"

தோழர் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார். மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்க்கும் குத்தகைக்காரர், சொந்த ரம்பம் கொண்டுவருகிறவனுக்கு டன்னுக்குச் சில வெள்ளி கூட்டித் தருவதாக ஆசை காட்டியிருக்கிறார். காலையில் பால்வெட்டு, பிற்பகலில் மரவெட்டு. போகிற போக்கில் வீட்டுக்கு விறகும் ஆயிற்று என்பது தோழரின் கணக்கு. 380 வெள்ளி என்பது, 2025-ல் அரசாங்கம் நிர்ணயித்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதைத் தம் பையிலிருந்து போட்டு, குத்தகைக்காரரின் வேலைக்கு வேண்டிய கருவியை இவர் வாங்கியிருக்கிறார்!

தோழர்களே, இங்கேதான் நாம் உங்களோடு வாதாட விரும்புகிறோம். பழைய ரம்பம் வாங்குவது தவறென்று நாம் சொல்லவில்லை. தோட்டப்புறத்தில் விறகின் தேவை முற்றிலும் போய்விடவில்லை. வீட்டு அடுப்பு கேஸுக்கு மாறி வெகு காலமாயிற்று, உண்மைதான். ஆனால் கோயில் திருவிழாவின் அன்னதானத்துக்கும், கல்யாண வீட்டுச் சமையலுக்கும் அண்டா ஏறுவது இன்றும் விறகடுப்பின் மேல்தான். சிறு தோட்டம் வைத்திருப்பவர்களில் ஷீட் ரப்பர் போடுகிறவர்களுக்குப் புகைக்கொட்டகைக்கு விறகு வேண்டும். மழைக்காலத்துக் காற்றில் லயத்துக் கூரைமேல் மரம் விழுந்தால், ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. இவற்றுக்கெல்லாம் ஒரு நல்ல பழைய ரம்பம் போதும். புதியது வாங்க வசதியில்லாதவர் பழையதை வாங்கட்டும். ஆனால் எப்படிப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொண்டு வாங்கட்டும். பிறருடைய வேலைக்காக வாங்கவே வேண்டாம்.

முதலில் வாங்கும் முறையைச் சொல்லிவிடுகிறோம். குத்தகைக்காரரிடம் பிறகு வருவோம்.

கடைக்குப் போனதும் தவுக்கே என்ன செய்வார்? "அண்ணே, நல்ல மெஷின், ஒரே இழுப்பு" என்பார். கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பார். ரம்பம் உறுமும். நம் ஆள் மயங்கிவிடுவார். ஆனால் நீங்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அதை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருந்தால், தேய்ந்துபோன எஞ்சின்கூட ஒரே இழுப்பில் கிளம்பும். ஆகையால் ரம்பத்தைத் தொடும்போது முதல் வேலை, சிலிண்டர் மூடியின்மேல் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், "தவுக்கே, ஆறட்டும், நான் கோப்பி குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆறிய எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதே உண்மையான செய்தி.

கயிற்றை மெதுவாக இழுக்கும்போது கைக்கு ஒரு தடை தெரிய வேண்டும். இழு, தடை, இழு, தடை என்று ஒழுங்காக வர வேண்டும். வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். எஞ்சினை நிறுத்திய நிலையில், கயிற்றின் கைப்பிடியாலேயே ரம்பத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்பதும் ஒரு பழக்கம். நல்ல ரம்பம் விட்டு விட்டு மெல்ல இறங்கும். கெட்டது கிணற்று வாளிபோல் சரசரவென்று இறங்கிவிடும். எளிதில் இழுப்பதற்கென்று அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்த சில மாதிரிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அழுத்தமானி வைத்திருக்கும் மோட்டார் சைக்கிள் கடைக்காரர் நண்பராக இருந்தால் இன்னும் நல்லது. சதுர அங்குலத்துக்கு 120 ராத்தலுக்குக் கீழே காட்டினால் அந்த ரம்பத்தை விட்டுவிட்டு வந்துவிடலாம்.

இன்னொரு சோதனை இருக்கிறது. பெரும்பாலான தவுக்கேமார்களுக்கு அது பிடிக்காது. புகை போகும் சைலன்சரை இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிட்டால், உள்ளே பிஸ்டனின் பக்கம் கண்ணுக்குத் தெரியும். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல் கீறலாக இருந்தால், அது எண்ணெய் கலக்காத பெட்ரோலில் ஓடியதாகவோ, காற்று அதிகமாகப் போய்ச் சூடேறி இறுகியதாகவோ இருக்கும். மேலே எத்தனை புதுச் சாயம் பூசினாலும் இந்தக் கீறலை மறைக்க முடியாது. கழற்றிக் காட்ட மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். நம் தோழர் கொண்டுவந்த ரம்பத்தை அன்று கிளைக் கட்டடத்துத் திண்ணையில் வைத்துக் கழற்றினோம். கீறல் இருந்தது. நல்ல உழவு உழுத நிலம்போல் இருந்தது!

எஞ்சினைப் பற்றி இவ்வளவு சொன்னோம். ஆனால் எஞ்சின் கெட்டால் போவது பணம் மட்டுமே. வேறொன்று கெட்டால் போவது ஆள். அதைத்தான் நம்மவர்கள் பார்ப்பதே இல்லை.

முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தகடு ஒன்று இருக்கிறதே, அது கைக்கு மறைப்பு மட்டுமல்ல. அதுவே செயின் பிரேக்கின் விசை. சங்கிலி ஓடும் நீண்ட இரும்புப் பட்டையை 'பார்' என்கிறோம். அந்தப் பாரின் மூக்கில், மேல்பாதி ஏதாவதொரு கட்டையில் பட்டுவிட்டால், ரம்பம் வெட்டுவதை விட்டுவிட்டு வெட்டுகிறவனை நோக்கித் திருப்பி அடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிடும். கழுத்து, தோள், முகம் இவைதான் அது வந்து சேரும் இடங்கள். ரம்பம் திருப்பி அடிக்கும்போது அந்தத் தகடு முன்னே தள்ளப்பட்டு, சங்கிலி உடனே நிற்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில்தான் இந்தப் பிரேக் ரம்பங்களில் வரத் தொடங்கியது. அதற்கு முந்திய அமைப்பில் செய்தவற்றில் அது கிடையாது. நம் நாட்டு மரவெட்டிகளிடம் பேர்பெற்ற 'ஸ்டீல் 070' என்ற 106 சி.சி. ரம்பம் அந்தப் பழைய வம்சத்தைச் சேர்ந்தது. பெருமரம் சாய்க்க வலிமை உண்டு. ஆனால் பார் இல்லாமலே பத்துக் கிலோவுக்கு மேல் எடை. பெரும்பாலும் செயின் பிரேக் இருக்காது. அதைப் பார்த்துச் செய்த போலிகளும் சந்தையில் ஏராளம். விறகு வெட்டப் போகிறவருக்கு அது எதற்கு? கொசு அடிக்கப் பீரங்கியா?

பிரேக்கைச் சோதிப்பது எளிது. ரம்பம் முழு வேகத்தில் ஓடும்போது, கைப்பிடியை விடாமலே மணிக்கட்டால் தகட்டை முன்னே தள்ளுங்கள். சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும். இரண்டாவது சோதனை எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்வது. பிரேக்கை விடுவித்து, ஒரு வெட்டுக்கட்டைக்கு மேலே சுமார் ஓர் அடி உயரத்தில் ரம்பத்தைப் படுக்கையாகப் பிடித்து, முன்கையை எடுத்துவிட்டு, பாரின் மூக்குக் கட்டைமேல் விழும்படி விடுங்கள். அந்த அதிர்ச்சியிலேயே பிரேக் தானாக விழுந்தால் சரி. விழாவிட்டால் உள்ளே இருக்கும் பட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது மரத்தூள் அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தும் விழாவிட்டால், அது எவ்வளவு மலிவானாலும் நமக்கு வேண்டாம்.

பின்கைப்பிடியில் இரண்டு விசைகள் உண்டு. உள்ளங்கை படும் மேல்விசையை அழுத்தினாலன்றி, விரல் படும் கீழ்விசை அசையக்கூடாது. பழைய ரம்பங்களில் மேல்விசையைக் கம்பியால் கட்டி வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கட்டியவர் சோம்பேறி, வாங்குகிறவர் பலி. அப்புறம், எஞ்சின் சும்மா ஓடும்போது சங்கிலி நகரவே கூடாது. மெல்ல ஊர்ந்தாலும் கார்பரேட்டரைத் திருத்த வேண்டும், அல்லது கிளட்சின் ஸ்பிரிங் போய்விட்டது. ரம்பத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பிடிக்கும்போது எஞ்சினின் சத்தம் ஏறி இறங்கினால், உள்ளே எங்கோ காற்றுக் கசிகிறது. அடிப்பக்கத்தில், சங்கிலி அறுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு சிறு கொக்கி இருக்க வேண்டும். பெரும்பாலும் உடைந்து போயிருக்கும். மிகச் சிறிய சாமான். அது இல்லாமற் போனால் அறுந்த சங்கிலி சாட்டையாக வலது கையை நோக்கி வரும்.

கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர்க் கட்டைகள் வைத்திருப்பார்கள். நாம் வெட்டிய பாலில் செய்ததாகவும் இருக்கலாம், யார் கண்டது! அவை கிழிந்திருந்தால் அதிர்வெல்லாம் விரலுக்கு வரும். வருஷக்கணக்கில் அந்த அதிர்வைத் தாங்கிய விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். பால்வெட்டுகிறவனுக்கு விரலில் உணர்ச்சி போனால் பட்டையின் ஆழம் எப்படித் தெரியும்? கத்தி மரத்துச் சதையில் பட்டுக் காயமான பிறகல்லவா தெரியும்! கையில் பிடித்து அசைத்துப் பார்த்து, ஆட்டம் அதிகமாக இருந்தால் அந்தக் கட்டைகளை மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

சங்கிலியையும் பாரையும் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். நாம் அவ்வளவு கவலைப்படவில்லை. அவை தேயும் சாமான்கள்தாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவற்றின் நிலையைப் பார்த்தால் முந்திய சொந்தக்காரரின் குணம் தெரியும். பல்லின் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் சங்கிலி முடிந்தது. பாரின் இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒருபக்கம் தாழ்ந்திருந்தால் ரம்பம் கோணலாக வெட்டும். சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பழைய அட்டைப்பெட்டிக்கு நேரே மூக்கைப் பிடித்து ஓடவிடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். சங்கிலி, பார், பல்சக்கரம் மூன்றையும் புதிதாக வாங்க என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைச் சேர்த்துப் பார்த்தால்தான் ரம்பத்தின் உண்மை விலை தெரியும்.

இந்தச் சங்கிலியின் பல்லைப் பற்றி ஒரு சிறு செய்தி. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-ல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். அது நேரே குத்தவில்லை, இடமும் வலமும் மாறி மாறிச் சீவிக்கொண்டே போயிற்று. அதைப் பார்த்து இடப்பல், வலப்பல் என்று மாறி வரும் சங்கிலியைச் செய்து 1947-ல் விற்கத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் ஓடும் சங்கிலிகள் அந்த வழி வந்தவை. வெட்டிப்போட்ட ரப்பர்க் கட்டையை நாலு நாள் விட்டால் நம்மூர் வண்டு வந்து துளைத்துவிடுகிறது என்று வைகிறோம். அதன் தூரத்துச் சொந்தக்காரன்தான் மரவெட்டிக்கு வாத்தியாராக இருந்திருக்கிறான்!

எந்த அளவு ரம்பம் வேண்டும் என்ற கேள்வி வரும். கிளை கழிக்கவும் விறகு துண்டுபோடவும் 35 முதல் 45 சி.சி., 14 அல்லது 16 அங்குலப் பார் போதும். இருபத்தைந்து முப்பது வருஷம் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரத்தை அடியோடு சாய்க்க, 50 சி.சி.க்கு மேல், 18 அங்குலம் வேண்டியிருக்கும். அதற்கு மேலே போவது பெருமைக்குத்தான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்டீல், ஹஸ்க்வர்னா என்ற பெயர்களை ஒட்டிக்கொண்டு வேறு யாரோ செய்த ரம்பங்கள் உலவுகின்றன. எஞ்சின் கூட்டில் எண் பொறித்திருக்கிறதா, அந்த மாதிரிக்கு உதிரிச் சாமான் நம் பட்டணத்தில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சாமான் கிடைக்காத நல்ல ரம்பத்தைவிடச் சாமான் கிடைக்கும் நடுத்தர ரம்பமே மேல்.

பெட்ரோலில் எண்ணெய் கலப்பதில் நம்மவர்கள் கண்ணளவை நம்புகிறார்கள். லிட்டருக்கு 20 மில்லி 2டி எண்ணெய் என்பது ஐம்பதுக்கு ஒன்று. பழைய மாதிரிகள் சிலவற்றுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. எந்தக் கணக்கு என்று ரம்பத்திலேயோ அதன் புத்தகத்திலேயோ இருக்கும். புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அதைப் படித்துச் சொல்வது கிராணிமார்களின் கடமை என்று நாம் கருதுகிறோம். ஆபீஸில் எத்தனையோ பாரங்களை நிரப்பும் கை, தோழனுக்காக இரண்டு பக்கம் மொழிபெயர்த்தால் குறைந்துவிடாது.

ரப்பர் மரத்துக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. அதைக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், புத்தகத்திலும் இருக்காது. பால் வழிய நாம் அடித்த தகரமும், மங்கு மாட்டிய கம்பியும் பல மரங்களில் எடுக்கப்படாமலே விடப்பட்டுவிடும். வருஷங்கள் ஆக ஆக மரம் அவற்றை விழுங்கிப் பட்டையால் மூடிக்கொள்ளும். வெட்டு முகத்தில், இடுப்பு உயரத்துக்குக் கீழே ரம்பத்தை வைக்கும்போது அந்த இரும்பில் சங்கிலி பட்டால் பற்கள் மழுங்கும். மோசமானால் சங்கிலியே அறும். எந்த மரத்தில் எந்தப் பக்கம் தகரம் இருந்தது என்று அதை வெட்டிய தொழிலாளிக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வரும் மரவெட்டுக் கூட்டத்துக்கு எங்கே தெரியப்போகிறது? மற்றொன்று, வேரழுகல் நோய் கண்ட மரமும் காற்றில் பாதி சாய்ந்து மற்றொன்றில் மாட்டிக்கொண்ட மரமும். அவை முறுக்கேறிய வில் போன்றவை. ரம்பம் உள்ளே போனதும் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அனுபவமில்லாதவர் அவற்றை நெருங்கவே கூடாது.

இப்பொழுது குத்தகைக்காரரிடம் வருவோம்.

"ரம்பம் கொண்டு வா, கூலி கூட்டித் தருகிறேன்" என்கிறாரே, அந்தக் கூடுதல் எதற்கான விலை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ரம்பம் உங்களுடையது. பெட்ரோல், எண்ணெய், சங்கிலி, அரம் எல்லாம் உங்களுடையவை. தலைக்கவசமும் காதடைப்பும் தொடைக்கவசமும் அவர் தரவில்லை என்றால் அவையும் உங்களுடையவை, அல்லது எவருடையவையும் அல்ல. ரம்பம் நின்றால் அன்றைய கூலி இல்லை. திருப்பி அடித்தால்? "அவர் சொந்த ரம்பம், சொந்தக் கவனக்குறைவு" என்று கைகழுவிவிடலாம். டன்னுக்குச் சில வெள்ளி கூட்டித் தந்து அவர் வாங்கிக்கொள்வது இந்தக் கைகழுவும் வசதியைத்தான் என்பது நம் துணிபு.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு, ஆபத்தில்லாத இயந்திரத்தைத் தருவதும், அதைப் பழுதுபார்த்து வைப்பதும், வேலை சொல்லிக்கொடுப்பதும் முதலாளியின் கடமை என்கிறது. 26-வது பிரிவு, இந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்கிறது. 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறது. வேலை கொடுக்கும் மூலமுதலாளிக்கும் குத்தகைக்காரரின் ஆட்கள்மேல் பொறுப்பு உண்டென்று அது சொல்கிறது. ஆபத்து உடனே வரும் என்று நம்ப நியாயமிருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையையும் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. செயின் பிரேக் இல்லாத ரம்பத்தை நீட்டி "வெட்டு" என்றால், விலகி நிற்க நியாயம் உண்டென்றே நாம் கொள்கிறோம். அதே சட்டம் தொழிலாளிக்கும் கடமை வைத்திருக்கிறது. கொடுத்த கவசத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். வெக்கையாக இருக்கிறது என்று தலைக்கவசத்தை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிற தோழர்களையும் நாம் அறிவோம். அவர்களுக்காக வாதாட நமக்கு வாய் வராது.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். நாள் முழுவதற்கும் சராசரி 85-க்கு மேல் போகக்கூடாது என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு போவது காதடைப்பாகாது.

பெர்கேசோவைப் பற்றிப் பலருக்கு மயக்கம் இருக்கிறது. குத்தகைக்காரரிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் தொழிலாளிதான். அவருக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தா கட்ட வேண்டியது குத்தகைக்காரரின் பொறுப்பு. 2019 முதல் தேதியிலிருந்து அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கும் வேலைவிபத்துக் காப்பு உண்டு. மரவெட்டுக் கூட்டங்களில் இன்று அவர்களே அதிகம் என்பதால் இதைச் சொல்கிறோம். "நீ தொழிலாளியல்ல, நீயே ஒரு சின்னக் குத்தகைக்காரன்" என்று சொல்லி ரம்பத்தோடு வரச் சொல்வது, இந்தச் சந்தாவிலிருந்து தப்பும் ஒரு வழியாகவும் இருக்கலாம். கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தைக் கிளைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போடுங்கள். உண்மையிலேயே தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் காப்பு இருக்கிறது. அதில் தாமே சேர்ந்துகொள்ள வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். அந்த அறிக்கையை எழுதும் கிராணி தோழர், "ரம்பம் யாருடையது" என்பதையும் "கவசம் யார் கொடுத்தது" என்பதையும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். மானேஜர் முகம் கோணுமே என்று ஒரு வரியை விட்டுவிட்டால், ஒரு குடும்பத்தின் சோறு அந்த வரியோடு போய்விடும்.

"எல்லாம் சரி, குத்தகைக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார், எனக்கு அந்தக் கூலி போய்விடுமே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒருவர் மறுத்தால் வேறு ஆள் வருவார் என்பது உண்மைதான். அதனாலேயே இதை ஒருவர் மறுப்பாக விடக்கூடாது. மறுநடவு நடக்கப்போகும் தோட்டங்களில், மரம் சாய்க்கும் குத்தகை கொடுப்பதற்கு முன்பே, ரம்பமும் கவசமும் குத்தகைக்காரர் பொறுப்பு என்று குத்தகைத் தாளில் எழுதும்படி கிளைக் காரியதரிசிகள் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். மூலமுதலாளிக்கும் பொறுப்பு உண்டென்று சட்டம் வந்துவிட்டபடியால், கேட்பதற்கு நமக்கு இப்போது ஒரு பிடி இருக்கிறது.

சொந்த விறகுக்கு ரம்பம் வேண்டுமென்பவர்களுக்கு நமது யோசனை இது. தனித்தனியாக ஐந்து பேர் ஐந்து ஓட்டை ரம்பம் வாங்காமல், ஐந்து பேர் சேர்ந்து பிரேக் உள்ள ஒரு நல்ல ரம்பமும், ஒரு தலைக்கவசமும், காதடைப்பும், ஒரு தொடைக்கவசமும் வாங்குங்கள். கவசம் இல்லாமல் ரம்பம் வெளியே போகக்கூடாது என்று உங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் அரம் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். பால்வெட்டுக் கத்தி தீட்டிப் பழகிய கைக்கு அது ஒரு வாரத்தில் வந்துவிடும். விழுந்த மரமானாலும் தோட்டத்து மரத்தில் கை வைக்குமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தோட்ட எல்லைக்கு அப்பால் இருப்பது அரசாங்கக் காடானால் ரம்பத்தோடு அங்கே போகவே வேண்டாம். 1984-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒதுக்கப்பட்ட காட்டில் விறகு எடுப்பதும் குற்றம். ரம்பமும் போகும், ஆளும் உள்ளே போவார்.

சாக்கோடு வந்த தோழருக்கு அன்று இவ்வளவும் சொன்னோம். அவர் அதிகம் பேசவில்லை. கழற்றிய சைலன்சரை அவரே திரும்ப மாட்டினார், சாக்கைக் கட்டினார், கூட்டம் முடியும்வரை அதைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் பால்வெட்டு முடிந்ததும் நமது பொருளாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். தவுக்கே முதலில் பணம் திருப்ப மறுத்தாராம். பிஸ்டனின் கீறலைக் காட்டியதும், மேல்விசையில் கம்பி கட்டியிருந்ததைக் காட்டியதும், 350 வெள்ளி எடுத்துக் கொடுத்தார். முப்பது வெள்ளி சாயம் பூசிய செலவாம்.